என் கடை வாசலில் அவருக்குச் சிலை

ஜனவரி 6, திங்கள்

நகைக்கடையில் கொடுத்த டைரி. ஜாக்கெட் அளவு எழுதத்தான் வாங்கி வந்தேன். ஆனால் இன்று நடந்ததை எங்கேயாவது எழுதி வைக்காவிட்டால் எனக்கு வயிறு ஊதிவிடும். ஆகவே இனி இடது பக்கம் ஜாக்கெட் அளவு, வலது பக்கம் ஊர் அக்கப்போர்.

பொங்கல் துணி குவிந்து கிடக்கிறது. காலையில் கொக்கி வைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு கூட்டம் வந்து நின்றது. முன்னால் தளவாய். எங்கள் இலுப்பைக்குறிச்சி பேரூராட்சியின் முன்னாள் தலைவர், அடுத்த தேர்தலிலும் தலைவராகப் போகிறவர் (இது அவர் வாக்கு), சாலைக்கு எதிரே இருக்கும் கல்யாண மண்டபத்தின் முதலாளி. வந்த வேகத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்திவிட்டார். அறுபத்தொரு வயதில் எனக்கு முதல் பொன்னாடை. பாலியெஸ்டர். ஓரம்கூட மடித்து அடிக்கவில்லை.

“மைனி, நம்ம சங்கரபாகம் அண்ணாச்சிக்குச் சிலை வைக்கப் போறோம்.”

சங்கரபாகம் என் வீட்டுக்காரர். போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷமாகிறது. பேரூராட்சியில் வார்டு உறுப்பினராக இருந்தார். ஒரு கோடையில் குடிதண்ணீருக்காகப் பந்தல் போட்டு உண்ணாவிரதம் இருந்தார், தண்ணீரும் வந்தது. ஊர் அதை மறந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். மறக்கவில்லையாம். தேவைப்படும் என்று ஓரமாக எடுத்து வைத்திருந்தார்களாம்.

“எங்க வைக்கப் போறிய?” என்று கேட்டேன்.

தளவாய் என் கடை வாசலைக் காட்டினார். பஸ் நிறுத்தத்தை ஒட்டிய பேரூராட்சிக் கடைகளில் என்னுடையது மூன்றாவது. அகலம் ஆறடி. பீடம் எட்டடியாம். சுற்றிக் கம்பி வேலி வேறு.

“அப்பம் என் கடைக்கு ஆளு எப்படி வரும்?”

“சைடுல ஒரு ஆளு நுழையுத மாதிரி வழி விட்டுருவோம். உங்க வீட்டுக்காரருக்குச் சிலை, நீங்களே தடை சொல்லலாமா மைனி?” என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, “கடையும் பஞ்சாயத்துக் கடை இல்லா?” என்றார். அந்தச் சிரிப்பின் உள்பக்கத் தையல் எனக்குத் தெரியும்.

பொன்னாடை போர்த்திக்கொண்டு நிற்கிறவள் எப்படிச் சண்டை போடுவது? பக்கத்து டீக்கடை இசக்கியிடம் எல்லோருக்கும் டீ சொன்னேன்.

அந்த மனிதர் உயிரோடு இருந்த நாளில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடை வாசற்படியில்தான் தலை வைத்துப் படுப்பார். வருகிற பெண்கள் அவரைத் தாண்ட முடியாமல் ரோட்டில் நின்றே அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். அப்போது படுத்துக்கொண்டு மறித்தார். இப்போது நின்றுகொண்டு மறிக்க வருகிறார். இந்தக் கடைதான் எனக்குச் சோறு. வாசல் இல்லாத கடையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

ஜனவரி 7

சிலை நினைப்பில் ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டும் இடது கையாக வைத்துவிட்டேன். பிரித்தேன்.

ஜனவரி 10

ஊரில் எத்தனையோ பேர் செத்திருக்க, இவருக்கு ஏன் சிலை என்பதை இசக்கி துப்பறிந்து வந்தாள். டீக்கடைக்காரிக்குத் தெரியாத ரகசியம் இந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

“கீழக்குறிச்சில மூணு சிலை நிக்கிக்கா. நம்ம ஊருல பிள்ளையாரத் தவிர ஒருத்தரும் இல்ல. பஸ்ஸுல வாரவன் ஊரே தெரியாமத் தாண்டிப் போறானாம். தளவாய் அண்ணாச்சிக்கு அது பெரிய கொறையா இருக்கு.”

“அதுக்கு எங்க வீட்டு ஆளுதான் கெடச்சாவளா?”

“வேற யாருக்கு வச்சாலும் சண்டை வருதாம்லா. மேலத்தெருப் பெரியவருக்கு வச்சா கீழத்தெரு கோவிக்கும். வைத்தியருக்கு வைக்கலாம்னா, மகன்க ரெண்டு பேரும் கோர்ட்டுல நிக்காவ, யாரு மாலை போடன்னு அதுக்கும் ஒரு கேசு வரும். சங்கரபாகம் அண்ணாச்சிதான் யாருக்கும் விரோதமில்லாத ஆளுன்னு முடிவு பண்ணிட்டாவ.”

யாருக்கும் விரோதமில்லாத ஆள்! நான் வாயில் ஊசி இருந்ததால் சிரிக்கவில்லை. இவரும் தளவாயும் கடைசி மாதங்களில் முகம் கொடுத்துப் பேசியதில்லை. அது ஊருக்கு மறந்துவிட்டது. எனக்கும் மறந்துதான் போயிருந்தது. அப்படித்தான் எழுதிவைக்க வேண்டும்.

ஜனவரி 17

நேற்றுக் காணும் பொங்கல் விளையாட்டுப் போட்டியில் தளவாய் மைக்கைப் பிடித்தார். இவர் உண்ணாவிரதத்தில் மயங்கி விழுந்தாராம். டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு அழுதாராம். மயக்கத்திலும் “தண்ணி, தண்ணி” என்று சொன்னாராம், தனக்கு அல்ல, ஊருக்கு. கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன். நன்றாகத்தான் சொன்னார்.

நடந்தது இது. இரண்டாம் நாள் மத்தியானம் தூக்குவாளியில் தயிர்ச்சோறு கொண்டுபோனேன். பந்தலுக்குப் பின்னால் போய்த் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார். ஊறுகாய் எங்கே என்று கேட்டார். அன்று சாயங்காலம் ஊர்ப் பெண்களெல்லாம் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் திருநெல்வேலி பஸ்ஸை மறித்து உட்கார்ந்தோம். என் குடம்தான் டயருக்குக் கீழே. அதிகாரி வந்தார், தண்ணீர் வந்தது. வந்த அதிகாரி பந்தலில் இருந்த இவருக்குக் கை கொடுத்தார், அது பேப்பரில் வந்தது. இவர் வெட்கப்பட்டுக்கொண்டு அந்தப் பேப்பரை வீட்டில் காட்டவே இல்லை. மளிகைக் கடையில் கடலை மடித்துக் கொடுத்தபோதுதான் நானே பார்த்தேன்.

ஜனவரி 24

இந்த வாரம் ஜாக்கெட் வாங்க வந்தவர்களிடம் பேச்சுவாக்கில், சிலை வந்தால் இங்கே பஸ் திரும்ப முடியாதாமே என்று கவலைப்பட்டேன். கவலைப்படுவது ஒன்றும் தப்பில்லை. ஒருத்தியின் புருஷன் டிரைவர். இன்னொருத்தியின் தம்பி டெப்போவில் இருக்கிறான். நேற்று டெப்போவிலிருந்து இரண்டு பேர் வந்து ரோட்டை அளந்தார்கள். சிலையை இனிப் பிள்ளையார் கோவில் பக்கம்தான் கொண்டுபோவார்கள் என்று சந்தோஷமாக இருந்தேன்.

தளவாய் சிலையை நகர்த்தவில்லை. பஸ் நிறுத்தத்தை நகர்த்திவிட்டார். இனிமேல் பஸ் பெட்ரோல் பங்க் பக்கத்தில்தான் நிற்குமாம். இசக்கிக்கும் வியாபாரம் பாதியாகப் போகும். அவள் என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். இனி யாரிடமும் கவலைப்படமாட்டேன்.

பிப்ரவரி 3

சிற்பி கோலப்பன் வந்தார். நாலுவழிச்சாலை ஓரத்தில் பட்டறை வைத்திருக்கிறார். சிமெண்டுச் சிலை. நல்ல மனிதர், நகத்தில் எல்லாம் வெள்ளைப் பூச்சு.

“ஒரு போட்டோ குடுங்கம்மா. கழுத்துக்கு மேல மட்டும் தெரிஞ்சாப் போதும்.”

“கழுத்துக்குக் கீழ?”

“அது ரெடியா இருக்கு” என்றார். வேறு ஊர்க்காரர்கள் வேறு யாருக்கோ சொல்லி, பாதியில் வேண்டாமென்று போய்விட்டார்களாம். வேட்டி, சட்டை, தோளில் துண்டு, முன்னால் நீட்டிய வலது கை. எல்லாத் தலைவர்களுக்கும் உடம்பு ஏறக்குறைய ஒன்றுதான், தலையை மட்டும் மாற்றினால் போதும் என்று தொழில் ரகசியத்தைச் சொன்னார். கை மணிக்கட்டோடு நிற்கிறதாம். விரல் மட்டும் இன்னும் பிடிக்கவில்லையாம்.

“தளவாய் அண்ணாச்சி உள்ளங்கைய விரிச்சு ஆசீர்வாதம் பண்ணுத மாதிரி கேக்காவ. சிலை மண்டபத்தப் பாத்து நிக்கணுமாம். தாலி கட்டிட்டு வெளிய வார பொண்ணு மாப்பிள்ளைக்கு அண்ணாச்சி ஆசீர்வாதம் பண்ணுத மாதிரி இருக்குமாம். போட்டோவுக்கு நல்லாருக்கும்னு சொன்னாவ.”

அதனால்தான் என் கடை வாசல்! எதிரே நேர்கோட்டில் அவர் மண்டபம். அந்த இடத்தில் முன்பு அல்லிக்குளம் இருந்தது. இப்போது பாதிக் குளத்தின் மேல் மண்டபம், மீதிக் குளத்தின் மேல் கார் நிறுத்துமிடம். ஐப்பசி மழைக்குக் கார் நிறுத்துகிறவர்கள் மட்டும் அது குளம் என்பதைத் தெரிந்துகொள்கிறார்கள். எங்கள் தெருக் கிணறுகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் வற்றின.

வீட்டில் இவர் போட்டோ மூன்றுதான் உண்டு. ஒன்று கல்யாணத்தில், மீசை முளைக்காத முகம். ஒன்று ரேஷன் கார்டில், திருடன் மாதிரி. இன்னொன்று வாசற்படியில் தூங்கும்போது இசக்கி எடுத்தது. மூன்றையும் கொடுத்துவிட்டேன். கோலப்பன் பெருமூச்சு விட்டார்.

“கை எப்படி வச்சிருப்பாவ?” என்று கேட்டார்.

“அவிய யாரையும் ஆசீர்வாதம் பண்ணினதே இல்ல. கால்ல விழுந்தா எந்திரிச்சு ஓடிருவாவ. பேசும்போது ஆள்காட்டி விரல நீட்டித்தான் பேசுவாவ. சைக்கிள் செயின்ல மாட்டி, நுனி லேசா இடது பக்கம் வளஞ்சிருக்கும்.”

“ஆனா தளவாய் அண்ணாச்சி...”

“அவிய மண்டபத்துக்குச் சொல்லுதாவ. நான் ஆளுக்குச் சொல்லுதேன். ஆளு மாதிரி இருக்கணுமா வேண்டாமா?”

“ஆளு மாதிரிதாம்மா இருக்கணும்” என்றார் கோலப்பன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. முறுக்கு கொடுத்தேன், சாப்பிட்டார். கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 12

பீடம் கட்டிவிட்டார்கள். ஜல்லியும் மணலும் என் கடைக்குள் வந்து ஒரு பட்டுச் சேலையின் முந்தானை வரை போய்விட்டது.

“ஒரு ஆள் நுழையும் வழி” எந்த ஆளை நினைத்து விடப்பட்டது என்று தெரியவில்லை. செல்லக்கனி டீச்சர் நேராக வந்து பார்த்தார், பக்கவாட்டில் வந்து பார்த்தார், பிறகு வேலிக்கு வெளியே நின்று, “ஆவுடையம்மா, நீங்களே வீட்டுக்கு வந்து அளவெடுத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பின்னால் வந்த இரண்டு பெண்கள் பெட்ரோல் பங்க் பக்கத்துப் புதுக் கடைக்குப் போனதை நான் பார்க்கவில்லை. இசக்கி பார்த்தாள்.

பீடத்தில் கல்வெட்டு பதித்தாயிற்று. “முன்னிலை: தளவாய்” பெரிய எழுத்து. “சங்கரபாகம்” சின்ன எழுத்து. பஸ்ஸில் போகிறவன் படித்தால் தளவாய் இறந்துவிட்டதாகத்தான் நினைப்பான்.

பிப்ரவரி 20

திறப்புவிழா வரைக்கும் சிலையை மூடிவைக்க உறை வேண்டுமாம். தளவாய் வந்தார். “மைனி கையாலயே தச்சா உருக்கமா இருக்கும். பேப்பர்ல போடுவாவ.”

எனக்கும் உருக்கமாகத்தான் இருந்தது. உடனே சம்மதித்தேன். தளவாய்க்கு அதுவே ஆச்சரியம்.

மத்தியானம் இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு கோலப்பன் பட்டறைக்குப் போனேன். இவருக்கு அளவெடுத்து எத்தனை வருஷமாகிறது! மார்பு நாற்பத்திரண்டு. உயிரோடு இருந்தபோது முப்பத்தாறைத் தாண்டியதில்லை. செத்த பிறகு நன்றாகச் சாப்பிட்டிருக்கிறார். முகத்தைப் பார்த்தேன். கோலப்பன் பாவம், மூன்று போட்டோவிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்திருக்கிறார். ஏதோ ஒரு பாங்க் மேனேஜர் மாதிரி இருந்தது.

பிறகு கையைப் பார்த்தேன். விரல் அப்படியே இருந்தது. நுனி இடது பக்கம் வளைந்து, நகம் பாதி தேய்ந்து. கொஞ்ச நேரம் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அளவெடுக்கத்தான்.

“சரியா வந்திருக்கா?” என்று கோலப்பன் கேட்டார்.

“வந்திருக்கு” என்றேன். டேப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன்.

பிப்ரவரி 22

மஞ்சள் பட்டுத்துணி. அரிசிச் சாக்கின் வாயைத் தைத்திருப்பார்களே, அந்தத் தையல் போட்டேன். சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று மொத்தமும் பிரிந்து வரும். தப்பான நுனியை இழுத்தால் கத்திரிக்கோல்தான் கதி. எல்லோர் வீட்டிலும் மாதம் ஒருமுறை நடப்பதுதான்.

ஜாக்கெட் தைக்கிறவளுக்குக் கையைத் தனியாக வெட்டித்தான் பழக்கம். அதனால் கைக்குத் தனி உறை, உடம்புக்குத் தனி உறை. இரண்டுக்கும் தனித்தனி நூல். இரண்டு நூலையும் ஒரே கயிற்றில் முடிந்துவிட்டேன். கைநூல் நுனி சரியாகத்தான் முடிந்திருக்கிறேன். உடம்புநூல் நுனி எந்தப் பக்கம் என்று இப்போது ஞாபகமில்லை. வயசாகிவிட்டது.

பிப்ரவரி 28

சிலை லாரியில் வந்தது. பட்டறையிலேயே உறை போட்டுவிட்டேன், விழாவுக்கு முன் யாரும் பார்க்கக்கூடாது என்று. கிரேன் வைத்துத் தூக்கி நிறுத்தினார்கள். முதுகு என் கடைக்கு, முகம் மண்டபத்துக்கு. கடைக்குள் வெளிச்சம் போய்விட்டது. ஊசியில் நூல் கோக்க ரோட்டுக்கு வரவேண்டியிருக்கிறது.

தளவாய் கீழே நின்று, மூடிய கையை அண்ணாந்து பார்த்தார். நான்கு பக்கமும் நடந்து பார்த்தார். “கை நேரா மண்டபத்துக்கு வருது. கரெக்டா இருக்கு” என்று திருப்திப்பட்டார்.

“ரொம்பக் கரெக்டு” என்றேன்.

இசக்கி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “எக்கா, கடையில வெளிச்சமில்ல, யாவாரமில்ல. நீங்க இப்படிச் சாந்தமா இருக்கது எனக்கு என்னமோ பயமா இருக்கு.”

“வயசாயிட்டுல்லா” என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று திறப்புவிழா. எழுத நிறைய இருக்கிறது, சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது.

நையாண்டி மேளம், வாழைமரம், சீரியல் செட்டு விளக்கு. கீழக்குறிச்சியிலிருந்து பொறாமைப்படுவதற்கென்றே ஒரு வேன் ஆட்கள் வந்திருந்தார்கள். மாவட்டத்திலிருந்து ஒரு பெரியவர் திறந்து வைக்க வந்தார். அவருக்கு யார் சிலை என்று தெரியாது. காரிலிருந்து இறங்கும்போது உதவியாளரிடம் கேட்டது எனக்கே கேட்டது. மேடையில் எனக்கு நாற்காலி. பொன்னாடை மறுபடியும். இதிலும் ஓரம் அடிக்கவில்லை.

தளவாய் பேசினார். இப்போது இவர் உண்ணாவிரதப் பந்தலில் உயிலே எழுதிவிட்டாராம். தளவாய் காலைப் பிடித்துக் கெஞ்சி இளநீர் கொடுத்தாராம். “அவரும் நானும் ஒரு தட்டுல சாப்பிட்டவங்க” என்றபோது அவர் கண் கலங்கியது. பெரியவரும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு கயிறு. பெரியவர் இழுத்தார். மேளம் முழங்கியது. கையின் உறை சரசரவென்று பிரிந்து கீழே விழுந்தது. உடம்பின் உறை அசையவில்லை. பெரியவர் இன்னொரு இழுப்பு இழுத்தார், முடிச்சு இறுகிக்கொண்டது. முழு உருவமும் மஞ்சள் துணிக்குள் இருக்க, ஒரு கை மட்டும் வெளியே நீண்டு நின்றது. அதன் நுனியில் ஒரு விரல்.

தளவாய் உள்ளங்கையைத் தேடினார். பார்க்கப் பாவமாக இருந்தது.

மேளக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நிறுத்திவிட்டார்கள். அந்த அமைதியில் இசக்கி டீக்கடையிலிருந்து, “அண்ணாச்சி என்னத்தையோ காட்டுதாவ!” என்று கத்தினாள். அவளுக்கு நான் எதுவும் சொல்லிவைக்கவில்லை, சத்தியமாக. கூட்டம் மொத்தமும் ஒன்றுபோலத் திரும்பியது. விரல், ரோடு, வாழைமரம், மண்டபம்.

“மண்டபத்தையா காட்டுதாவ?”

“மண்டபத்த என்னத்துக்குக் காட்டணும்? கீழயில்லா காட்டுதாவ.”

“கீழ என்ன இருக்கு?”

“ஏ, அது அல்லிக்குளம்லா!” என்றார் பின்னாலிருந்த ஒருவர்.

யாரோ ஒருவன் சிரித்தான். பிறகு கீழக்குறிச்சி வேன் முழுவதும் சிரித்தது. பெரியவர் தளவாய் பக்கம் குனிந்து, “அங்க குளமா இருந்துச்சு?” என்று கேட்டார். மைக் அவர் சட்டையிலேயே மாட்டியிருந்தது. ஊருக்கே கேட்டது. தளவாய் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு எழுந்தேன். உறையை வெட்டி விடவேண்டுமே.

ஸ்டூல் போட்டு ஏறி மெதுவாக வெட்டினேன். அவசரப்பட்டால் பட்டுத்துணி வீணாகும். முகம் தெரிந்தபோது யாரும் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 10

உறைத் துணியில் மூன்று ஜாக்கெட் வரும் போலிருக்கிறது.

மார்ச் 19

ஊருக்கு இப்போது ஒரு புது வேலை. ரோட்டில் போகிறவர்கள் சிலைக்குக் கீழே நின்று, விரல் போகும் வழியில் கண்ணை ஓட்டிவிட்டுத்தான் போகிறார்கள். வெளியூர்க்காரன் கேட்டால் உள்ளூர்க்காரன் விளக்குகிறான். விளக்கும்போது குளம் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போகிறது. நேற்று ஒருவர் அதில் படகு போனதாகச் சொன்னார். நான் மறுக்கவில்லை.

முந்தாநாள் மண்டபத்தில் ஒரு கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் வெளியே வந்து நின்றார்கள். போட்டோ எடுக்கிறவர் எந்தப் பக்கம் நின்று எடுத்தாலும் பின்னால் இவர் நின்றுகொண்டு, “இவன்தான், பிடியுங்கள்” என்பதுபோல மாப்பிள்ளையைக் காட்டினார். பெண் வீட்டார் முகம் மாறிவிட்டது. கடைசியில் பெட்ரோல் பங்கில் போய் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

குளத்து இடத்தை அளந்து மீட்க வேண்டும் என்று எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து மனு கொடுத்திருக்கிறார்கள். நில அளவைக்காரர்கள் வந்து சங்கிலி பிடித்து அளந்தார்கள். என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. இந்த மாதிரி விஷயங்கள் எப்படி நடக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன், அதனால் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. என் கடை வியாபாரம் மட்டும் நிச்சயமாகப் படுத்துவிட்டது. இன்று ஒரே ஒரு சேலைக்கு ஃபால்ஸ் அடித்ததுதான்.

மார்ச் 27

மத்தியானம் தளவாய் தனியாக வந்தார். பொன்னாடை இல்லை. அந்த ஒரு ஆள் வழியில் வயிற்றை எக்கிக்கொண்டு உள்ளே வந்து, என் முக்காலியில் உட்கார்ந்தார்.

“மைனி, உங்க கஷ்டம் எனக்குத் தெரியுது. கடை இருட்டாக் கெடக்கு. சிலைய இங்கேருந்து எடுத்திருவோம். நம்ம மண்டபத்து வளாகத்துக்குள்ள கொண்டு போயிருவோம். கூரை போட்டு, டெய்லி மாலை. பஸ் ஸ்டாப்பும் பழையபடி இங்கயே வந்துரும். குடும்பத்துல நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்.”

ஜனவரியிலிருந்து நான் கேட்டது இதைத்தான். வாசல், வெளிச்சம், பஸ், எல்லாம். இசக்கிக்கும் பிழைப்பு திரும்பும். என் கை பேனாவைத் தேடியது உண்மை.

“கொண்டு போறதுக்கு முன்னால,” என்றார், “கைய மட்டும் லேசா இறக்கிப்புடுவோம். கோலப்பன்கிட்டப் பேசிட்டேன்.”

நான் இந்த டைரியில் எழுதாத ஒன்று இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

பேரூராட்சியில் மண்டபத்துக்கு அனுமதி கொடுக்கிற கூட்டம் அன்று. இவருக்குச் சாப்பாடு கொண்டுபோய்ப் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தேன். இவர் எழுந்து, ஜன்னல் வழியாக விரலை நீட்டி, “அது குளம்” என்றார். அந்த இரண்டு வார்த்தைதான். தலைவர் நாற்காலியில் தளவாய் இருந்தார். “கைய இறக்கும்வே! குளத்துக்கு வக்கீலா நீரு?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தர்கூட சிரிக்காமல் இல்லை. இவர் சுற்றிலும் பார்த்தார். பிறகு கையை இறக்கினார். வீட்டுக்கு வந்து சாப்பாடு வேண்டாம் என்று படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தார். உப்பு வேண்டுமென்றால்கூட விரலை நீட்டவில்லை, வாயால்தான் கேட்டார். நெஞ்சுவலியில் போனார் என்று டாக்டர் சொன்னார். நானும் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்கிறேன்.

தளவாய்க்கு அது ஞாபகம் இருக்கிறதா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. சுத்தமாக இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“ஒரு தரம் இறக்கச் சொன்னிய, இறக்கினாவ. அப்பம் அது சதை. இப்பம் சிமெண்டு. இறங்காது அண்ணாச்சி.”

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது முகம் கறுத்துவிட்டது. “கடைய நெனச்சுப் பாத்துப் பேசுங்க மைனி” என்றார்.

“நெனச்சுத்தான் சொல்லுதேன். சிலை இங்கயே நிக்கட்டும். கையெழுத்துப் போடமாட்டேன்.”

மறுபடியும் வயிற்றை எக்கிக்கொண்டு வெளியே போனார். போன பிறகு மிஷின் மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். ஒன்பது வருஷத்துக்குச் சேர்த்து அழுதேன். இசக்கி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 28

விடிந்ததும் இசக்கியும் நானுமாக மிஷினைத் தூக்கி வேலிக்கு வெளியே, ரோட்டோரமாகப் போட்டோம். குடை கட்டியிருக்கிறேன். செல்லக்கனி டீச்சர் ரோட்டில் நின்றே அளவு கொடுத்தார், கூச்சப்படவில்லை.

கடைக்குள் இருந்து துணியை எடுத்துவர அந்த இடுக்கில் நுழைந்தபோது கம்பி வேலி முழங்கையில் கிழித்துவிட்டது. நிமிர்ந்து, “கொஞ்சம் தள்ளித்தான் நின்னா என்னவாம்?” என்று கேட்டேன். தள்ளவில்லை. உயிரோடு இருந்தபோதும் வாசலை விட்டு நகரச் சொன்னால் கேட்டவரில்லை. நிற்கட்டும்.